புகார் இல்லாத பூட்டு

– 'இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான்க்கா. அதுக்கு மேல நீ வாயே திறக்க வேண்டாம்.

– வாய்க்கும் பூட்டா? உன் கம்பெனிப் பூட்டுன்னா வேண்டாம்டா தம்பி. அப்புறம் சாப்பிடுறதுக்குக்கூடத் திறக்காது.

– கிண்டல் பண்ணாமக் கேளு. அஞ்சு மணிக்கு, நம்ம கம்பெனியை வாங்குறாங்களே, அவங்க ஆபீஸ் பொண்ணு ஒண்ணு இந்த நம்பருக்குக் கூப்பிடும். வெளிநாட்டுல இருந்து வந்திருந்தாலும் நம்ம பாஷை நல்லாப் பேசும். 'இந்த நம்பருக்குப் பூட்டைப் பத்திப் புகார் ஏதாவது வந்திருக்கா'ன்னு கேக்கும். நீ 'இல்லை'ன்னு சொல்லிட்டுப் போனை வச்சிடு. அதுக்கு முன்னாடி ஒரு காகிதத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நாளைக்குப் பத்து மணிக்குக் கம்பெனி கை மாறிடும். சிம்பிள்.

– நாலு மாசமா எட்டிப் பாக்காதவன் பிஸ்கட் பாக்கெட்டோட வந்து நிக்கும்போதே நினைச்சேன்.

– நேரம் எங்கக்கா இருந்தது? நாப்பது நாட்டுல பூட்டு விக்கிறவன் நம்மளைத் தேடி வந்து வாங்குறான்னா சும்மாவா? எத்தனை கூட்டம், எத்தனை ஃபைலு!

– அதைத்தான் நானும் கேக்குறேன். நாப்பது நாட்டுல விக்கிறவனுக்கு உன் தகரக் கொட்டகை எதுக்கு?

– தகரக் கொட்டகை இல்லை, இப்ப மூணு மாடி. அவங்க எதுக்கு வாங்குறாங்கன்னு நம்ம ஆலோசகர் ஏழு காரணம் எழுதிக் குடுத்திருக்கார்.

– கோட்டுக்காரரா? கொளுத்துற வெயில்லயும் கழட்டாதவர்?

– அவரேதான். முதல் காரணம், அவங்க ஊர்ல மார்க்கெட் செத்துப்போச்சு. எல்லாக் கதவுலயும் பூட்டு தொங்குது. புதுசா வீடு கட்டுறவனும் இல்லை, புதுசாப் பிள்ளை பெத்துக்கிறவனும் இல்லை. இங்க பாரு, தினம் ஒரு கட்டடம் எழும்புது. கட்டடத்துக்கு நூறு கதவு.

– அப்ப அங்கேயே செஞ்சு கப்பல்ல ஏத்தி அனுப்ப வேண்டியதுதானே?

– அங்கதான் ரெண்டாவது காரணம் வருது. கப்பல்ல வந்தா சுங்க வரி தீட்டிடுவாங்க. இங்கேயே செஞ்சா வரி இல்லை.

– சரி, இங்கேயே ஒரு மனை வாங்கி அவனே புதுசாக் கட்டிக்கலாமே?

– என்னக்கா, அவங்க போர்டு மெம்பர் மாதிரியே கேக்குற! கட்டி முடிக்க மூணு வருஷம் ஆகும். லைசென்ஸு, கரண்டு, தண்ணி, ஆளு. அதுக்குள்ள அவனோட போட்டிக்காரன் உள்ள பூந்துடுவான். ஓடுற வண்டியில ஏறி உக்காந்துக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

– டிரைவரை இறக்கி விட்டுட்டு.

– என்னை ஒண்ணும் இறக்கி விடலை. ரெண்டு வருஷத்துக்கு நான் கௌரவ ஆலோசகர்.

– ஓஹோ. கோட்டு தைக்கக் குடுத்தாச்சா?

– குடுத்திருக்கு. அதை விடு. நாலாவது காரணம் என்னன்னா...

– மூணாவது எங்கடா போச்சு?

– அதைச் சொன்னா நீ திட்டுவ.

– திட்டுறதுக்கு மூணாவது வரைக்கும் காத்திருப்பேனா? சொல்லு.

– அங்க ஒரு ஆளுக்குக் குடுக்குற சம்பளத்துல இங்க முப்பது பேரை வச்சு வேலை வாங்கலாம்.

– நம்ம ஆளுங்க நூத்தி எம்பது பேரையும் வச்சுக்குவாங்களா?

– ஒரு வருஷத்துக்கு உத்தரவாதம். அப்புறம் மறுபரிசீலனை.

– வீட்டுக்குப் போன்னு சொல்றதுக்கு எவ்வளவு நீளமா ஒரு வார்த்தை கண்டுபிடிச்சிருக்காங்க! சரி, நாலாவதுக்கு வா.

– அவங்க காசு ஏறிக் கிடக்கு, நம்ம காசு இறங்கிக் கிடக்கு. நம்ம மொத்தத் தொழிற்சாலையும் அவங்களுக்கு அவங்க ஊர்ல நாலு கார் நிறுத்துற இடம் வாங்குற மாதிரி.

– இதை நெஞ்சை நிமித்திக்கிட்டு வேற சொல்ற. இரு, போன் அடிக்குது.

– எடுக்காதக்கா, பேசிட்டு இருக்கோம்ல. மணி நாலுதானே ஆகுது, அந்தப் பொண்ணா இருக்காது.

– யாராவது வாசல்ல நிப்பாங்கடா. ஹலோ... சொல்லுங்கம்மா... பதறாதீங்க. அடுப்பு எரியுதா? சின்னத் தீதானே? சரி, நிறைய நேரம் இருக்கு. பூட்டு உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸா? நல்லது. சாவியை முழுசாத் தள்ளாதீங்க. முக்காவாசி... ம்... இப்பக் கொஞ்சம் மேல தூக்குங்க, அழுகிற குழந்தையைத் தூக்குற மாதிரி மெதுவா. தூக்கிக்கிட்டே இடது பக்கம் திருப்புங்க... டக்குன்னு கேட்டுச்சா? போங்க, முதல்ல அடுப்பை அணைங்க... பரவாயில்லை, நன்றி எல்லாம் எதுக்கு.

– என்னக்கா அது, தூக்கித் திருப்புறது?

– உன் பூட்டைத் திறக்குற வழி.

– சாவியைப் போட்டுத் திருப்பினாத் திறக்கும். அதுக்கு எதுக்கு வழி?

– நீ கடைசியா உன் பூட்டை எப்படா கையால திறந்த? உன் வீட்டுக்கே வெளிநாட்டுப் பூட்டு. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி சாவி வெட்டப் புது மெஷின் வாங்கினியே, அன்னைக்குப் பிடிச்ச கோளாறு. சாவியோட மூணாவது பல்லு மயிரிழை கூடுதல் நீளம். நேராத் திருப்பினா முட்டிக்கிட்டு நிக்கும்.

– என்கிட்ட ஏன் சொல்லலை?

– சொன்னேன். உன் புது வீட்டுல விருந்து நடந்த அன்னைக்கு, கையில தட்டோட நின்னு சொன்னேன். 'பூட்டைப் பத்தி உனக்கு என்னக்கா தெரியும், போய்ச் சாப்பிடு'ன்ன. போய்ச் சாப்பிட்டேன்.

– அப்ப எப்படி இத்தனை வருஷமா வியாபாரம் ஓடுது? 'இந்தப் பூட்டை யாராலயும் திறக்க முடியாது'ன்னு பேரு வாங்கியிருக்கோமே!

– ஆமா, சாவி வச்சிருக்கிறவனாலயும்தான். திருடன் கள்ளச்சாவி போட்டாலும் திரும்பாது. வீட்டுக்காரன் இங்க ஒரு போன் பண்ணுவான், நான் வழி சொல்லுவேன். அவன் உன்னைப் பாராட்டுவான். ஒரு நாளைக்கு இருபது போன். சனி, ஞாயிறு முப்பது.

– இருபதா! ஐயோ, அதையெல்லாம் புகார்னு அந்தப் பொண்ணுகிட்ட உளறி வைக்காத.

– பின்ன அது என்ன, நலம் விசாரிப்பா?

– கோட்டுக்காரர் என்ன சொல்றார்னா, திறந்துட்டா அது புகார் இல்லை. சந்தேகம். தீர்த்து வைக்கப்பட்ட சந்தேகம்.

– பிரமாதம். அவருக்குக் கோட்டு சும்மா இல்லை.

– எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான் காரணம். உன் வீட்டு நம்பரைப் போய் டப்பாவுல போட்டிருக்கக் கூடாது.

– யாருடா போட்டது? கொட்டகைக்குப் போன் வரலை, டப்பா அச்சடிக்கணும்னு ஓடி வந்த. 'அக்கா, ரெண்டே மாசம், உன் வீட்டு நம்பரைப் போட்டுக்கிறேன்'ன்ன. உனக்குப் போன் வந்துச்சு, மூணு மாடி வந்துச்சு, கார் வந்துச்சு. அந்த ரெண்டு மாசம் மட்டும் இருபத்திரெண்டு வருஷமா முடியலை.

– டப்பாவோட அச்சை மாத்தணும் மாத்தணும்னு நினைச்சேன். புது அச்சுக்கு வீண் செலவேன்னு...

– ஆமா, நான் இருக்கும்போது வீண் செலவு எதுக்கு?

– கோவப்படாத. உண்மையைச் சொல்லணும்னா அதுலதான் நமக்கு அதிர்ஷ்டமே அடிச்சது. அஞ்சாவது காரணம் நம்ம நாட்டுச் சட்டமும் அவங்க சட்டமும் ஒரே மாதிரின்னு ஏதோ வளவளன்னு இருக்கும், அதை விடு. ஆறாவது காரணம் தெரியுமா? நம்ம புகார் ஃபைல்.

– அப்படி ஒண்ணு இருக்கா?

– இருக்கு. காலியா. அவங்க தலைவர், அந்த வெள்ளை முடிக்காரர், 'புகார் ஃபைலைக் கொண்டு வாங்க'ன்னார். கொண்டு போனேன். முன்னாடி புரட்டுறார், பின்னாடி புரட்டுறார், ஒரு தாளும் இல்லை. அவங்க கம்பெனிக்கு மாசம் நாலாயிரம் புகார் வருதாம். நமக்கு இருபத்திரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட இல்லை. மனுஷன் எழுந்து நின்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்க்கா. அன்னைக்கே விலை ஏறிடுச்சு.

– அடேயப்பா. ஒண்ணும் இல்லாத ஃபைலுக்கு அவ்வளவு மதிப்பா?

– அதான் வியாபாரம்.

– அப்ப ஏழாவது?

– அது ஃபைல்ல கிடையாது. கோட்டுக்காரர் காதோட சொன்னது. வெள்ளை முடிக்காரரோட போட்டிக்காரன் போன வருஷம் பக்கத்து நாட்டுல ஒரு பூட்டுக் கம்பெனியை வாங்கிட்டான். ரெண்டு பேரும் ஒரே கிளப்பு. எதிர் எதிர் மேசை. இவரும் ஒண்ணு வாங்கலைன்னா அங்க தலை காட்ட முடியாதாம்.

– இதை முதல்லயே சொல்லியிருந்தா மத்த ஆறும் கேக்க வேண்டி இருந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரி ஃப்ரிட்ஜ் வாங்கினா நானும் வாங்கணும்னு நிப்பேன்ல, அதுக்குக் கோட்டுப் போட்டா உங்க வியாபாரம். இரு, மறுபடியும் அடிக்குது. ஹலோ... ஓ, நம்ம சைக்கிள் கடைக்காரரா? சொல்லுங்க... ஷட்டர் பூட்டா? அது நடு சைஸ், அதுக்குத் தூக்கக் கூடாதுங்க. அழுத்தணும். சாவியைக் கீழ அழுத்தி வலது பக்கம்... ம், அப்படியே... ஆச்சா? முதுகு வலி எப்படி இருக்கு? சரி, சரி, வியாபாரத்தைப் பாருங்க.

– அப்ப ஒவ்வொரு சைஸுக்கும் ஒவ்வொரு வழியா?

– சின்னதைத் தூக்கணும், நடு சைஸை அழுத்தணும். பெரிசு இருக்கே, அது தனிப் பிறவி. அதுக்குச் சொல்லிப் புரிய வைக்கவே கால் மணி நேரம் ஆகும்.

– இனிமே அந்தத் தொல்லை உனக்கு இல்லை. திங்கக்கிழமையில இருந்து இந்த நம்பரை அவங்க எடுத்துக்கிறாங்க. எல்லாம் மெஷின் பேசும். புகாருக்கு ஒண்ணை அழுத்து, விலைக்கு ரெண்டை அழுத்து.

– உள்ள அடுப்பு எரிய, வாசல்ல நிக்கிறவ ஒண்ணை அழுத்தணும். அழுத்தினா?

– பாட்டு வரும். அப்புறம் வேற நாட்டுல இருந்து ஒருத்தர் எடுப்பாரு.

– அவருக்கு மூணாவது பல்லைப் பத்தித் தெரியுமா?

– பிஸ்கட் எடுத்துக்கோக்கா.

– தெரியாது. சரி, அந்தச் சாவி மெஷினை அவன் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைப்பானா?

– தூக்கிப் போடுறதா! அதுல வெட்டுற சாவியைத்தான் மாதிரியா வச்சுக்கிட்டு நாப்பது நாட்டுலயும் செய்யப் போறாங்க. புகாரே வராத பூட்டாச்சே!

– டேய், நாப்பது நாட்டுல நாப்பது பாஷைக்காரங்க அவங்க அவங்க வீட்டு வாசல்ல நிக்கப் போறாங்கடா. உள்ள பச்சைக் குழந்தை அழும். யாருக்காவது மாத்திரை உள்ள இருக்கும். எங்க போய் நிப்பாங்க? நான் சொல்றதைக் கேளு. கையெழுத்தை ஒரு மாசம் தள்ளிப் போடு. அந்தப் பல்லை ராவிச் சரி பண்ணு. அப்புறம் தாராளமா வித்துக்கோ. கேக்குறியா?

– இப்பப் பல்லைத் தொட்டா 'ஏன் தொட்ட'ன்னு கேப்பான். கேட்டா ஃபைல் காலியா இருக்கிற ரகசியம் வெளிய வரும். அவ்வளவுதான், எல்லாம் புஸ்ஸு. முடியாதுக்கா.

– முடியாது?

– முடியாது. விடு, உனக்கு நான் ஒண்ணும் செய்யாம இல்லை. நாளைக்கு விழாவுல உனக்கு ஒரு நினைவுப் பரிசு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள தங்க நிறத்துல ஒரு பூட்டு.

– சாவியோடவா?

– சாவியைப் பக்கத்துல ஒட்டி வச்சிருப்பாங்க. எடுக்க வராது.

– பொருத்தமாத்தான் இருக்கு.

– விழாவே பிரமாதமா இருக்கும்க்கா. என்னோட ஐடியா. ஒப்பந்தம் இருக்குல்ல, மூணு நாட்டு முத்திரை வாங்கின மூலப் பத்திரம், அதை ஒரு தேக்குப் பெட்டியில வச்சு நம்மகிட்ட இருக்கிறதுலயே பெரிய பூட்டாப் போட்டுப் பூட்டி ஹோட்டல்ல வச்சிருக்கேன். நாளைக்கு நூறு கேமரா முன்னாடி வெள்ளை முடிக்காரர் தன் கையால திறக்கணும். சாவியைத் தட்டுல வச்சு நேத்தே குடுத்துட்டேன்.

– பெரிய பூட்டா?

– எல்லாத்துலயும் பெரிசு. யானை இழுத்தாலும் வராது. ஏன் சிரிக்கிற?

– ஒண்ணும் இல்லை. அந்தக் காகிதத்தை எடு. எதுலயோ கையெழுத்து வேணும்னியே.

– அதான், அஞ்சாகப் போகுது. நம்பர் உன் பேர்ல இருக்குல்ல, அவங்க வக்கீல் கேக்குறார். சும்மா ஒரு சம்பிரதாயம். இங்க போடு.

– படிச்சுக் காட்டு. கண்ணாடி எங்கேயோ கிடக்கு.

– 'மேற்படி தொலைபேசி எண்ணின் உரிமையாளராகிய நான், மேற்படி நிறுவனத்தில் எக்காலத்திலும் எப்பணியும் செய்ததில்லை. எனக்கும் மேற்படி நிறுவனத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதன் பொருள்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.'

– அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி.

– சட்ட பாஷைக்கா. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவாங்க.

– உங்க மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு, பக்கத்து வீட்டம்மாவை இந்தப் போன்கிட்ட உக்கார வச்சு, மூணு சைஸுக்கும் வழி எழுதிக் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு கல்யாணத்துக்கு முழு நாள் போனது கிடையாது. மழையில நின்னவங்க, இருட்டுல நின்னவங்க, ஒருத்தரையும் நான் வாசல்ல விட்டதில்லை. 'அக்கா, கஷ்டமா இருக்கா'ன்னு நீ ஒரு தடவை கேட்டிருந்தா, எனக்கு அதுவே போதும். 'யாதொரு தொடர்பும் இல்லை'ன்னு டைப் அடிச்சுக் கொண்டு வந்திருக்க. வலிக்குதுடா.

– என்னக்கா இப்படிப் பேசுற... வேலை பாத்தேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாக்கூட இருபத்திரெண்டு வருஷக் கணக்கைக் கிளறுவாங்கன்னு வக்கீல் பயப்படுறார். அதுக்காகத்தான். மனசுல எதுவும் இல்லை.

– அது எனக்கும் தெரியும், உன் மனசுல எதுவும் இல்லைன்னு. பேனாவைக் குடு.

– போடுறியா? நிஜமாவா?

– நீயே எழுதிக் கொண்டு வந்திருக்க. அதைத் திருத்த நான் யாரு? இந்தா. தேதியும் போட்டிருக்கேன்.

– என் அக்கான்னா அக்காதான்!

– இனிமே அக்கா மட்டும்தான்.

– அடிக்குது, அடிக்குது! அவங்கதான், மணி சரியா அஞ்சு. ஞாபகம் வச்சுக்கோ, ஒரே வார்த்தை.

– ஞாபகம் இருக்கு. ஹலோ... ஆமாம்மா, இந்த நம்பர்தான்... என்னது? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. ஒத்திகையா?

– என்ன ஒத்திகை?

– நாளைக்கு மேடையில திறக்குறதுக்கு இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாத்தீங்களா? சரி... சாவி உள்ள போகுது, திரும்பலை. ம்... எவ்வளவு நேரமா? ரெண்டு மணி நேரமா! யாரு, தலைவரேவா? விரல்ல ரத்தமா? அடடா, பஞ்சு வச்சுக் கட்டுங்க முதல்ல.

– ஐயோ! போனைக் குடு என்கிட்ட. முக்காவாசி தள்ளித் தூக்கணும், அதானே?

– அது சின்னதுக்கு.

– அப்ப அழுத்தணும்!

– அது நடு சைஸுக்கு. ஹலோ, இருக்கேன்ம்மா. பக்கத்துல கம்பெனிக்காரர் ஒருத்தர் பேசிட்டு இருக்கார். ஒண்ணு சொல்லுங்க, பெட்டிக்குள்ள ஆள் யாரும் இல்லையே? வெறும் காகிதம்தானே? அடுப்பு கிடுப்பு எதுவும் எரியலையே? அப்பச் சரி.

– பெரிசுக்கு என்ன வழிக்கா? காலைப் பிடிச்சுக் கேக்குறேன், அவங்ககிட்டச் சொல்லு.

– தம்பி, அதன் பொருள்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கையெழுத்துல மை கூடக் காயலை, பாரு.

– பல்லைச் சரி பண்றேன்க்கா! சத்தியமாப் பண்றேன்!

– பதினாலு வருஷம் கழிச்சு. மன்னிச்சுக்கோங்கம்மா, சொல்லுங்க, என்ன கேட்டீங்க? 'இந்தக் கம்பெனியில இந்தப் பூட்டைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருக்காங்களா'ன்னா?

– அக்கா! வேண்டாம்க்கா!

– இல்லை.